காரின் மூச்சுக்கு மீட்டர் மாட்டியவன்

கார் வயரிங் என்பது, நமக்கு முன்னால் ஒருவன் செய்த தப்பைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் பக்கத்திலேயே நம் தப்பையும் வைத்து டேப் சுற்றுகிற தொழில்.

மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. ஹாரன், ஹெட்லைட், டேப் ரெக்கார்டர் என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் வெளிநாடு போன பிள்ளைகள் லீவில் வரும்போது பெட்டியில் ஒரு புது வியாதியைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பெயர் ஆக்ஸிஜன் மீட்டர். சைலன்சர் குழாயில் ஓட்டை போட்டு ஒரு சென்சாரைத் திருக வேண்டும். டாஷ்போர்டில் ஒரு வட்ட மீட்டரைப் பொருத்த வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எஞ்சின் எத்தனை பங்கு காற்று இழுக்கிறது என்று அது எண்ணில் காட்டும். பதினாலு புள்ளி ஏழு காட்டினால் எஞ்சின் சுகம். மாட்டியவன் சுகமா என்று காட்ட அதில் முள் கிடையாது. கார் வைத்திருந்து, எலக்ட்ரீஷியன் கடை பெஞ்சில் அரைநாள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

முதல் மீட்டர்

கூத்தாநல்லூர் ஷாஜஹான் துபாயில் ஏதோ கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். நாற்பது நாள் லீவு. முதல் மீட்டரை அவர்தான் கொண்டுவந்தார். கூட வந்த காகிதம் முழுக்கப் பொடி எழுத்து இங்கிலீஷ். "இதெல்லாம் படிச்சா வேலை செய்வோம்?" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மீட்டருக்குள் விளக்கு இருக்கிறது, விளக்கென்றால் பார்க்கிங் லைட் வயர்தான் என்று முடிவு செய்து அதிலேயே கரண்ட் எடுத்துவிட்டேன்.

அந்தச் சென்சாருக்குள் சின்னதாக ஒரு ஹீட்டர் உண்டு. வண்டி ஓடுகிற நேரமெல்லாம் அது சூடாகவே இருக்க வேண்டும். பகலில் யார் பார்க்கிங் லைட் போடுகிறார்கள்? பத்தே நாளில் சென்சார் கரி பிடித்துச் செத்துப்போனது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பையிலிருந்த காகிதத்தை அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்த முதல் விஷயமே நான் செய்ததுதான். ஷாஜஹான் நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. புது சென்சார் அடுத்த லீவில் அவர் மச்சானோடு வந்தது. ஆனால் அன்றைக்கு அந்தக் கரிக்கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"ஏண்ணே, துபாய்ல வண்டி பகல்லயும் மூச்சு விடுமே, மன்னார்குடில ராத்திரி மட்டுந்தானா?"

பதினாலு புள்ளி ஏழு

நீடாமங்கலத்தில் ரைஸ்மில் வைத்திருந்த ஒரு பெரியவர். சிங்கப்பூரிலிருந்து வந்த மகன் அவர் காரில் மீட்டரை மாட்டச் சொல்லி, மாட்டியதும் விமானம் ஏறிவிட்டான். ஒரே வாரத்தில் பெரியவர் கடைக்கு வந்தார். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் பதினாலு புள்ளி ஏழுக்கு மேல் மைலேஜ் கொடுக்கவில்லையாம். கார் விற்றவன் பதினெட்டு என்று சத்தியம் செய்தானாம்.

அது மைலேஜ் இல்லை, காற்றுக் கணக்கு என்று டீ வாங்கிக் கொடுத்து அரைமணி நேரம் விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான்கு நாள் கழித்து முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார்.

"ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுத்தா இருபது காட்டுது தம்பி! என்ன பண்றது, நம்ம ஜில்லா பூரா மட்டத் தரையா போச்சு. மலை ஊரா இருந்தா எறக்கத்துலயே ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

சுத்தமான காற்று

மீட்டரை முதலில் போடும்போது சென்சாரை வெளிக்காற்றில் பிடித்து, 'இதுதான் சுத்தமான காற்று, பார்த்துக்கொள்' என்று அதற்குப் பழக்கிவிட வேண்டும். ஒரு மீட்டரை நான் பழக்கியது சம்பா அறுவடை நேரம். கடை வாசலில் ஒரு அறுவடை மெஷின் எஞ்சினை அணைக்காமல் நின்று புகை கக்கிக்கொண்டிருந்தது. என் மீட்டர் அதைத்தான் சுத்தமான காற்று என்று மனதில் பதித்துக்கொண்டது. அப்புறம் காட்டிய எண் ஒன்றுகூட உருப்படியில்லை. மெஷின் டிரைவரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் ஸ்டீயரிங்கை விட்டு இறங்கக்கூட இல்லை.

"நாங்க இதைத்தாங்க இருபது வருஷமா சுவாசிக்கிறோம். உங்க மீட்டரு என்ன பெரிய வீட்டுப் புள்ளையா?"

அஞ்சரைக் கட்டை

திருவையாற்றில் ஒரு பாட்டு டீச்சர். அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பியதால் மாட்டியே ஆக வேண்டும் என்றார். மாட்டினேன். எர்த் வயரை மட்டும் சோம்பேறித்தனமாக, கார் ஸ்டீரியோவின் எர்த்தோடு சேர்த்து முறுக்கிவிட்டேன். அதிலிருந்து ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம். வண்டி வேகமெடுத்தால் அதுவும் ஏறும். டீச்சர் கேசட்டில் தம்பூராவைப் போட்டுக்கொண்டு, தஞ்சாவூர் போகிற வழியெல்லாம் சாதகம் செய்கிறவர். மறுநாளே டிரைவரோடு வந்து இறங்கினார்.

"எனக்குச் சுருதி அஞ்சு கட்டை. நீங்க வச்ச மெஷின் அஞ்சரைல பாடுது, லாரியை முந்தும்போது ஆறரைக்குப் போயிடுது. ஒண்ணு அதை எறக்குங்க, இல்ல என் சிஷ்யையா சேத்து விட்டுடுங்க."

உடைப்பு

கோட்டூர் பக்கத்துப் பெண் சுமதி. அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, நட்டு, அறுத்து அவளைப் படிக்க வைத்தவர்கள். ஓசூரில் எஞ்சினியர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். பழைய கார் ஒன்று வாங்கியிருந்தாள். அதில் அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்து ஓசூர்வரை தானே ஓட்டிப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வண்டியோ பெட்ரோல் நாற்றம் அடித்துக்கொண்டு கரும்புகை விட்டது. எஞ்சினைப் பிரிக்காமல் ஆகாது என்று இரண்டு மெக்கானிக்குகள் சொல்லிவிட்டார்கள். நம்பாமல், தானே ஒரு மீட்டரை வரவழைத்துக்கொண்டு சனிக்கிழமை என்னிடம் வந்தாள்.

மாட்டினால் பதினெட்டு காட்டுகிறது. அதாவது பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம். நாற்றமோ நேர் எதிராகச் சொல்கிறது. வயர்களைப் பிரித்தேன், மறுபடி மாட்டினேன், திரும்பப் பிரித்தேன். மதியச் சாப்பாடும் போனது. "அண்ணே, முடியலைன்னா சொல்லிடுங்க, நாங்க பஸ்ஸுல போய்க்கிறோம்" என்று அவள் மெதுவாகச் சொன்னபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அவள் அப்பா காலையிலிருந்து குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தக் கருவி எந்த இடத்தில் புகையை அளக்கிறது என்று கேட்டார். குழாயில் சென்சாரைக் காட்டினேன். புகை எங்கே கிளம்புகிறது என்றார். எஞ்சின் பக்கம் காட்டினேன். அவர் சொன்னதைக் கேட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சூடு ஏறுவதற்குள் சோப்புத் தண்ணீரைக் குழாயின் மூட்டு மூட்டாகத் தெளித்துக்கொண்டே போனேன். எஞ்சினை ஒட்டிய மூட்டில் நுரை பொங்கியது. மூட்டுக்குள் இருக்கும் கேஸ்கெட் கிழிந்து, புகை கசிகிற அந்த வழியாகவே வெளிக்காற்றும் உள்ளே போய் மீட்டரையும் ஏமாற்றியிருக்கிறது, எஞ்சினையும் ஏமாற்றியிருக்கிறது; காற்று அதிகம் என்று நம்பி அது பெட்ரோலை வாரி ஊற்றியிருக்கிறது. ஒரு கேஸ்கெட்டோடு வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் மகளும் அந்தக் காரிலேயே கிளம்பிப் போனார்கள். முந்தின நாள் குந்தியிருந்தபடியே அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"வயலுக்குத் தண்ணி குறைஞ்சா வயலையே வெறிச்சுக்கிட்டு நிக்க மாட்டோம் தம்பி, ஆத்து மடையிலேர்ந்து வாய்க்கால நடந்து பாத்துக்கிட்டே வருவோம். நீங்க அளக்குற இடத்துக்கு மேலயே எங்கியோ உடைப்பு இருக்குங்க."

கூட்டிக் கழித்துப் பார்த்தால், நான் மாட்டிய மீட்டர்கள் கார்களைச் சோதித்ததைவிட என்னைச் சோதித்ததுதான் அதிகம், அதிலும் பாதியில் நான் பார்டர் மார்க்கில்தான் பாஸ்.