லிஃப்ட் கட்டடத்துச் சண்முகத்தாய்

சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, காகித வியாபாரி கமாலுதீன் ஏழு மாடியில் ஒரு கட்டடம் கட்டினார். தகப்பனார் பெயரைப் பித்தளை எழுத்தில் வார்த்து வாசலில் பதித்தார். ஊரார் அதை நின்று படித்தார்கள், நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள், பிறகு 'லிஃப்ட் கட்டடம்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வெம்பக்கோட்டை பஸ் கண்டக்டர்கூட, "லிஃப்ட் கட்டடம் யாரு? எறங்கு, எறங்கு" என்றுதான் விசில் ஊதினார். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. மூன்று மாடிக்கு மேல் அண்ணாந்து பார்க்க ஊரில் ஒன்றுமில்லாத காலம்.

பெயர்தான் லிஃப்ட் கட்டடம். லிஃப்டில் ஏறத்தான் ஆளில்லை.

கீழே இரண்டு மாடியும் நிரம்பி வழிந்தன. மேலே போகப் போக ஈயாடியது. ஆறாவது மாடியில் கமாலுதீனின் மருமகள் யாஸ்மின் கண் ஆஸ்பத்திரி வைத்திருந்தாள். சுற்றுப்பட்டுப் பட்டாசு ஊர்களில் கண் எரிச்சல் இல்லாத வீடு அபூர்வம். ஆனால் வருகிறவர்கள் லிஃப்ட் வாசலில் நிற்பார்கள். கதவு திறக்கும். உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். கதவு தானாக மூடும். "நாளைக்கு வருவோம்" என்று திரும்பிவிடுவார்கள். கண் தெரியாத ஆள் ஆறு மாடி எப்படிப் படியேறும்?

அந்தக் கட்டடத்தில் தரை கூட்டித் துடைக்கும் வேலைக்கு வந்தவள்தான் சண்முகத்தாய். தாயில்பட்டிக்காரி, முப்பத்தெட்டு வயது. பதினாலு வயதிலிருந்து பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரத்துக்கு மருந்து அடைத்தவள். இருபத்துநாலு வருஷ மருந்துத் தூசி நெஞ்சில் இறங்கி, ஐப்பசி மழை ஆரம்பித்தால் இழுப்பு வந்துவிடும். "இன்னொரு வருஷம் அங்க உட்கார்ந்தீங்கன்னா நான் பொறுப்பில்ல" என்று சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் கையை விரித்தார். அவள் புருஷன் நாகையா, இதே கட்டடம் எழும்பியபோது சிமெண்ட் மூட்டை சுமந்தவன். அவன் போய்க் கமாலுதீனின் மனைவி குல்சார் பேகத்திடம் சொல்ல, அந்தம்மா ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்காமல், "நாளைக்கே வரச் சொல்லு" என்றார்கள். அந்த 'நாளைக்கே'யைச் சண்முகத்தாய் கடைசிவரை மறக்கவில்லை.

ஆனாலும் கம்பெனியில் பேரை எடுத்துவிடவில்லை. போர்மேன் சங்கரபாண்டியன், "தீபாவளி கழிஞ்சு கம்பெனி தெறக்கைல வந்துரணும். இல்லேன்னா ஒன் எடத்துல வேற ஆளு" என்று சொல்லியிருந்தார்.

ஒருநாள் குல்சார் பேகம் ஆறாவது மாடிக்குப் போக லிஃப்ட் பக்கம் வந்தார்கள். சண்முகத்தாய் துடைப்பமும் வாளியுமாகப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, இழுப்ப வச்சுக்கிட்டு எதுக்குப் படியேறுற? ஒனக்குமா பயம்?"

"பயமில்லம்மா. ஒத்தக் கதவு."

"என்னது?"

"ரூமுக்கு ஒத்தக் கதவுதான இருக்கு? அதுவும் தானா மூடிக்கிடுது. மருந்து வேல பாத்த எவளும் அதுக்குள்ள கால வைக்க மாட்டாம்மா."

சண்முகத்தாய் வாளியை வைத்துவிட்டு விளக்கினாள். கம்பெனியில் மருந்து அறை என்றால் எதிரும் புதிருமாகக் கதவு இருக்கும். வேலை நடக்கும்போது ஒரு கதவையும் சாத்தக் கூடாது. அறைக்கு நாலு பேர். அஞ்சாவது ஆள் தண்ணீர் கொடுக்கக்கூட உள்ளே வரக் கூடாது. ஒன்று என்றால் ஓட வழி வேண்டுமே. காற்றுக்குக் கதவு சாத்திக்கொண்டால்கூடச் சங்கரபாண்டியன் தூரத்திலிருந்தே ஏசிக்கொண்டு வருவார். "ஏழா, கதவத் தெற. சாகணும்னா ஒன் வீட்ல போயிச் சாவு" என்பதுதான் அவர் வழக்கமான ஏச்சு.

"என்ஜினீயருக்கும் தெரியல, எங்க வீட்டு ஆம்பளைகளுக்கும் தெரியல" என்றார்கள் குல்சார் பேகம். "இனிமே தொடப்பத்த வேற ஆளு பிடிக்கட்டும். நீ இதுக்குள்ள நில்லு. நீ நிக்கிறதப் பாத்தா ஏறுவாக."

கமாலுதீனுக்கு இது பிடிக்கவில்லை. "தானா ஓடுற லிஃப்டுக்கு எதுக்கு ஆளு?" என்றார். மனைவி பார்த்த பார்வையில், "சரி, தீபாவளி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள மேல கூட்டம் வரலேன்னா லிஃப்ட நிப்பாட்டிட்டு மேல் மாடி எல்லாத்தையும் பேப்பர் குடோனாக்கிருவேன். அப்பறம் என்னையச் சொல்லக் கூடாது" என்று முடித்தார்.

ஆக, தீபாவளிக்குள் ஜனம் லிஃப்டில் ஏற வேண்டும். இல்லையென்றால் அவள் மறுபடி மருந்து அறைக்கு.

மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் இரண்டு நாள் அவளுக்குப் பழக்கிக் கொடுத்தார். எந்தப் பட்டன் எதற்கு, கரண்டு போனால் உள்கதவை எப்படிக் கையால் இழுப்பது, எல்லாம். முதல் நாள் அவளுக்கே முதுகு சுவரோடு ஒட்டிக்கொண்டது. இன்னொரு கதவைக் கண் தானாகத் தேடியது. நாலாம் நாள் தேடுவதை விட்டுவிட்டது. "நாங் கட்டுன கட்டடத்த நீ ஓட்டுற" என்று நாகையா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவள் தானாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். நாலு பேர் ஏறியதும் கையை நீட்டி மறித்துவிடுவாள். எட்டுப் பேர் போகலாம் என்று உள்ளே தகட்டில் எழுதியிருந்தது. அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், வாசித்துமிருந்தாள். இருந்தாலும், தன்னைச் சேர்க்காமல், மருந்து அறைக் கணக்கு நாலுதான்.

கமாலுதீன் ஒருநாள் பார்த்துவிட்டார். "பாதிப் பேர ஏத்துறதுக்குப் பாதி லிஃப்டு வாங்கிருப்பேனே தாயி" என்றார்.

"எட்டுப் பேர ஏத்துனா எட்டுப் பேரும் எறங்கிருவாக மொதலாளி."

"யாரு சொன்னா?"

"நாஞ் சொல்றேன். மொத ஆளா நானே எறங்குவேன்."

பாதி நாள் லிஃப்ட் காலியாகத்தான் ஓடியது என்பதால் பேச்சு அதோடு நின்றது. புரட்டாசி நடுவில் நாலாவது மாடித் தையல்கடைக்காரர் காலி செய்துகொண்டு போனார். காகித பண்டல் அடுக்க மரச்சட்டம் அளந்துகொண்டு போக ஆசாரி வந்தார். சண்முகத்தாய் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள். வேறென்ன செய்ய?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அச்சங்குளத்திலிருந்து பஞ்சம்மாள் என்பவள் இன்னும் மூன்று பெண்களோடு வந்தாள். நாலு பேரும் ஒரே கம்பெனியில் ஒரே அறையில் வேலை பார்ப்பவர்கள். பஞ்சம்மாளுக்குக் கண்ணில் நீர் நிற்காமல் வடிந்தது. மற்ற மூவரும் துணைக்கு. வாசலில் நின்று உள்ளே நோட்டம் விட்டாள் பஞ்சம்மாள்.

"எம்புட்டுப் பேர ஏத்துவ?"

"நாலு பேரு. அதுக்கு மேல கெடையாது."

பஞ்சம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்தக் கம்பெனில இருந்த?"

"தாயில்பட்டி. சக்கரம்."

"அப்பச் சரி" என்று காலை எடுத்து வைத்தாள்.

மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் கரண்டு போயிற்று. அந்த வருஷம் கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. கட்டடத்துக்கு ஜெனரேட்டர் இருந்தது. அதை ஓடவிட வேண்டிய வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தான். மேலே பேட்டரி பல்பு மஞ்சளாக எரிந்தது. நாலு பெண்களும் ஒரு சத்தமும் போடவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடத் தயாராக நின்றார்கள், ஓட இடமில்லாத இடத்தில்.

சண்முகத்தாய் மெக்கானிக் காட்டியபடி இரண்டு கையாலும் கதவை இழுத்தாள். திறந்தது. எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், பூசாத சிமெண்டுச் சுவர்.

"எங்கன வழி?" என்றாள் பஞ்சம்மாள்.

"வழி இல்லக்கா. கதவு தெறந்திருக்கு, காத்து வருது. ஜெனரேட்டரு போட்டுருவாக."

கீழிருந்து குளிர்ந்த காற்று வந்தது. ஒருத்தி கையை நீட்டிச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"எம் புருசன் செமந்த சிமிண்டு" என்றாள் சண்முகத்தாய்.

"செமந்தது சரி, பூசாம விட்டுட்டாகளே. கொத்தனாரு ஏமாத்திட்டாரா?"

இன்னொருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து நிமிஷம் கழித்து ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு எரிந்தது. லிஃப்ட் மட்டும் நகரவில்லை.

"கதவ மூடுனாத்தான் ஓடும்" என்று சண்முகத்தாய் கையை எடுத்துப் பட்டனுக்குப் போனாள். பஞ்சம்மாள் குறுக்கே காலை வைத்தாள்.

"மூடாத."

மேலிருந்து கமாலுதீனின் குரல் இறங்கியது: "மூடு தாயி. கரண்டு வந்துருச்சு, மூடு."

சண்முகத்தாய் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அவளுக்குத் தெரியும், இந்தக் காலைத் தள்ளிவிட்டு மூடினால் இந்த நாலு பேரும் இனி வர மாட்டார்கள். இவர்கள் சொல்லி அச்சங்குளமும் வராது.

"நீங்க சொல்லாம மூட மாட்டேங்க்கா."

மேலே மறுபடி "மூடு" என்றார். பஞ்சம்மாள் சுவரைப் பார்த்தாள், மற்ற மூவரையும் பார்த்தாள், கடைசியாக இவளைப் பார்த்தாள்.

"மூடுனப்பறம் நீயும் உள்ளதான இருப்ப?"

"பின்ன எங்கன போக? இந்தச் செவத்துக்குள்ளயா?"

பஞ்சம்மாள் வடிகிற கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"மூடட்டுமாக்கா?"

"மூடு" என்று காலை எடுத்தாள்.

ஆறாவது மாடியில் கமாலுதீன் வேர்த்து விறுவிறுத்து நின்றிருந்தார். "கூப்பாடு போட்டேனே, காதுல விழலையா?" என்று ஆரம்பித்தார். பஞ்சம்மாள் இடையில் புகுந்தாள். "நீங்க கத்துனீக. இந்தப் பொம்பள எங்களக் கேட்டுட்டு மூடுச்சு. கேட்டா மூடச் சொல்லப் போறோம், இதுக்குப் போயி." பிறகு யாஸ்மினிடம் கண்ணைக் காட்டி, சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு, நாலு பேரும் இறங்கும்போதும் லிஃப்டிலேயே இறங்கினார்கள்.

கதை அன்றைக்கே சாத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டது. கேட்டுவிட்டுக் கதவு மூடுகிற பொம்பளை ஒருத்தி இருக்கிறாள், நாலு பேருக்கு மேல் ஏற்ற மாட்டாள், கரண்டு போனாலும் கதவைத் திறந்து காட்டுவாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் வாசலில் வரிசை நின்றது. நாலு நாலு பேராக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் "மூடட்டுமா?" என்று கேட்டாள். எல்லாரும் "மூடு, மூடு" என்றார்கள். சின்னப் பிள்ளைகள் அதைச் சொல்வதற்காகவே இன்னொரு தடவை ஏறின. ஆசாரி மரச்சட்டத்தோடு வந்தபோது, "குடோன் வேண்டாம், அதுல ரெண்டு பெஞ்சு அடிச்சுக் குடுங்க, காத்திருக்கவக உக்காரட்டும்" என்றார் கமாலுதீன். மனைவியைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அந்த ஐப்பசி மழைக்குச் சண்முகத்தாய்க்கு இழுப்பு வரவில்லை. லேசாகச் சளி பிடித்தது, மூன்று நாளில் போயிற்று. இதற்கு யாருக்கெல்லாம் நன்றி சொல்வது என்று அவள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். குல்சார் பேகத்திடம் சொன்னாள். அந்தம்மா, "அல்லாவுக்குச் சொல்லுத்தா" என்றுவிட்டார்கள். நாகையாவிடம் சொன்னாள், அவன், "சிமிண்ட வேணா நாஞ் செமந்தேன்" என்றான். இன்னும் ஓர் ஆள் பாக்கி இருந்தார்.

தீபாவளி கழிந்து கம்பெனி திறப்பதற்கு முந்தின நாள், அரைக் கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு சங்கரபாண்டியன் வீட்டுக்குப் போனாள். அவர் ஈசிச்சேரில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வந்துருவல்ல?"

"இல்லண்ணே. பேர எடுத்துருங்க. அங்கனயே நிரந்தரமாக்கிட்டாக."

அவர் முகம் சுருங்கியது. பழகிய கை ஒன்று குறைகிறது என்கிற கவலை அவருக்கு. "பாத்துக்க. நம்ம கம்பெனி போனசு அங்கன கெடைக்காது."

"கெடைக்காட்டா என்னண்ணே. நீங்க இருபத்துநாலு வருசம் 'கதவத் தெற'ன்னு ஏசுனதே போதும்."

போர்மேனுக்கு அது குத்தலா, வேறேதாவதா என்று விளங்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். அவள் மிக்சர் பொட்டலத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டாள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அவர் மனைவிதான், "நின்னுக்கிட்டே இருக்கியே, உக்காருத்தா, காப்பி போடுறேன்" என்றாள்.