எட்டு ஸ்டாப், நாலு நிமிடம்

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வர வேண்டும் என்றுதான் அன்று அவளைத் தேடிப் போனேன். அவள் என்றே எழுதுகிறேன். அப்போது கோபத்தில் சொன்னது, இப்போது உரிமையில் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். இருபது வருட சர்வீஸில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அப்படிப்பட்டவரை ஒரு நாலு நிமிடப் படம் வீட்டில் உட்கார வைத்துவிட்டது. எடுத்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர் ரூட்டில் ஒன்பதாவது ஸ்டாப்பில் காலையில் முப்பது பிள்ளைகள் நிற்பார்கள், பஸ் நிற்காது. அவர்கள் நடந்து போய்ச் சேர்வதற்குள் பள்ளிக்கூடக் கேட்டைப் பூட்டியிருப்பார்கள். இதைப் பத்தொன்பது நாள் போனில் பிடித்து ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் ஜன்னலில் இவர் முகம். அதை மெதுவாக ஓடவிட்டு, வில்லன் வரும்போது போடுகிற மாதிரி ஒரு மியூசிக். மாணவர் படப் போட்டியில் அதற்கு முதல் பரிசு. மூன்றாம் நாள் இவருக்கு சஸ்பெண்ட் ஆர்டர். விசாரணை முடிந்தால் வேலையே போய்விடும் என்று யூனியன்காரரும் கையை விரித்துவிட்டார்.

நான் தையல் கம்பெனியில் காலர் தைக்கிறவள். பக்கத்து மிஷின்காரி அந்தப் படத்தை என்னிடமே நீட்டி, "பச்சப் புள்ளைங்களைப் பார்த்தும் நிறுத்தாம போறான் பாருங்க, பாவி" என்றாள். அது யார் என்று அவளுக்குத் தெரியாது. அன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு, இவருக்கு வந்த மெமோக்களை எல்லாம் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நூலகத்து மாடியில் பழைய பேப்பர்களை அடுக்கி வைக்கிற அறை. அங்கேதான் சனிக்கிழமைதோறும் அவளுடைய நாடக வகுப்பு. பிள்ளைகள் அவளை டைப் அக்கா என்பார்கள். அரசாங்க அலுவலகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் டைப்பிஸ்டாக இருந்தவள். மேலே இருந்து வருகிற உத்தரவை அடிப்பாள், நகல் எடுப்பாள், அது யார் தலையில் போய் விடிகிறது என்று கேட்க மாட்டாள். ஒருநாள் கேட்டுவிட்டாள். "உன் வேலை டைப் அடிக்கிறது" என்று பதில் வந்தது. ஐந்து வருட சர்வீஸ் மிச்சம் இருக்கும்போதே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். மூளை கலங்கிவிட்டது என்று அவள் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லி வைத்தாள்.

அலுவலகத்தில் ஒரு சாதாரண மனிதன் எப்படிக் கூனிக் குறுகி நிற்கிறான் என்பதை இருபத்திரண்டு வருடம் பார்த்தவள் அல்லவா, அதையே பாடமாக்கினாள். ஒரு பிள்ளை கவுண்டர் கிளார்க், இன்னொன்று மனு கொடுக்க வந்த ஆள். கிளார்க் விரட்டுவான், ஆள் திரும்பிப் போவான். பார்த்துக்கொண்டிருக்கிற யாருக்காவது பொறுக்கவில்லை என்றால் "நிறுத்து" என்று சொல்லலாம். சொன்னவரே எழுந்து போய் அந்த ஆளின் இடத்தில் நின்று வேறு மாதிரி கேட்டுப் பார்க்க வேண்டும். சும்மா உட்கார்ந்து உச்சுக் கொட்டுவதற்கு அங்கே இடமில்லை. நடித்துப் பழகியதை வெளியே போய்ச் செய்வார்கள், போனில் படமும் எடுப்பார்கள். ஊரில் ஓர் இருட்டுச் சந்துக்கு விளக்கு வந்தது அப்படித்தான். அடுத்ததாக அவர்கள் கையில் சிக்கியது என் வீட்டுக்காரர்.

நான் போய் நின்று வாய்க்கு வந்தபடி பேசினேன். "உங்களுக்கு நாடகம் ஆட என் குடும்பம்தான் கிடைச்சுதா? கைதட்டு வாங்கிட்டீங்க, பரிசு வாங்கிட்டீங்க. அந்த மனுஷன் பதினஞ்சு நாளா சட்டையை அயர்ன் பண்ணி மாட்டி வெச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கார்."

படம் எடுத்த பெண் ஒன்பதாம் வகுப்பு. "அவர் நிறுத்தலையே, ஆன்ட்டி" என்றாள். பொய் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம். பையை மேஜை மேல் கவிழ்த்தேன். பதினோரு மெமோ. எல்லாம் ஒரே வாசகம்: மூன்று நிமிடம் தாமதம், நாலு நிமிடம் தாமதம், விளக்கம் தருக.

டைப் அக்கா ஒவ்வொன்றாகப் படித்தாள். முகம் கறுத்துவிட்டது.

"இந்த எழுத்தை நான் இருபத்திரெண்டு வருஷம் அடிச்சிருக்கேன்" என்றாள் பிள்ளைகளிடம். "இது எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா? கேமரா எட்டுற இடத்துலதான் குத்தவாளி இருப்பான்னு உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா? நான்தான். டிரைவர் ஜன்னல் எட்டுச்சு, எடுத்தோம். மெமோ அனுப்பின மூணாவது மாடி ஆபீஸ் எட்டல, விட்டுட்டோம்."

பிள்ளைகள் தலையைத் தொங்கப் போட்டார்கள். எனக்கு மனசு இளகவில்லை. "தப்புன்னு தெரிஞ்சா போதுமா? அவர் வேலையை வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறு திங்கட்கிழமையிலிருந்து அவளும் அந்தப் பிள்ளைகளும் ஸ்டாப் வாட்சோடு பஸ்ஸில் ஏறினார்கள். ஒரு வாரம் போய் வந்து அளந்தார்கள். டிப்போவிலிருந்து ஒன்பதாவது ஸ்டாப்புக்குப் பதினேழு நிமிடம் என்று டைம் ஷீட் சொல்கிறது. எங்கேயும் நிற்காமல் ஓடினாலே பதிமூன்று நிமிடம் போய்விடுகிறது. நடுவில் எட்டு ஸ்டாப்பில் ஆள் ஏற்றி இறக்க மிச்சம் இருப்பது நாலே நாலு நிமிடம். தாண்டினால் மெமோ.

விசாரணைக்கு அந்தப் படம்தான் சாட்சி. ஆகவே எடுத்தவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மூன்றாவது மாடி மேலாளர் நல்ல சிரித்த முகம். டைம் ஷீட்டில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான், விசாரிப்பவரும் அவர்தான். "இந்த வயசுல இவ்வளவு சமூக அக்கறையா" என்று பிள்ளைகளுக்கு டீ வரவழைத்தார். சுவரோரமாக உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கதவருகே நின்றேன்.

"வாயால சொல்ல வரல சார். நடிச்சுக் காட்டட்டுமா? நாலே நிமிஷம்தான்" என்றாள் டைப் அக்கா. "நீங்கதான் டிரைவர்."

மேலாளருக்கு ஒரே குஷி. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஃபைலை ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டார். பஸ் ஓடுகிற பதிமூன்று நிமிடத்தில் கை வைக்கவில்லை, ஆள் ஏற்றி இறக்குகிற நாலு நிமிடம் மட்டும்தான் என்று விளக்கினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பிள்ளைகள் ஏறினார்கள்.

முதல் ஸ்டாப்பில் மூட்டையோடு ஒரு அம்மா. மேலாளர் சிரித்துக்கொண்டே, "மெதுவா ஏறுங்கம்மா" என்றார். இரண்டாவதில் ஊன்றுகோல் வைத்த ஒருவர். மூன்றாவதில் இறங்குகிறவர்கள் இறங்குவதற்குள் ஏறுகிறவர்கள் முட்டினார்கள். நாலாவதில் அவர் சிரிப்பை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாவதில் "சீக்கிரம், சீக்கிரம்" என்றார். ஏழாவதில் ஒரு பையனின் ஒரு கால் தரையில் இருக்கும்போதே "ரைட்" என்று சொல்லிவிட்டார். எட்டாவது முடியும்போது ஏழு நிமிடம் ஓடியிருந்தது, அவர் நெற்றியில் வேர்வை.

ஒன்பதாவது ஸ்டாப்பில் அந்தப் பெண் புத்தகப் பையோடு நின்று கை காட்டினாள்.

மேலாளர் அவளைப் பார்த்தார். ஸ்டியரிங்கை ஒடித்தார். போய்விட்டார்.

தான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. அவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தபோது, அந்த ஃபைலைப் பிடுங்கி மேலாளர் மூஞ்சியில் எறியலாம் போல இருந்தது எனக்கு.

அந்தப் பெண் போனை எடுத்து மேலாளர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். டைப் அக்கா அவள் கையை இறக்கினாள்.

"முகத்தை எடுக்காத. போன தடவை பண்ணின தப்பு அதுதான்."

மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கரெக்ட், கரெக்ட். புரிஞ்சு நடந்துக்கிறீங்க" என்றார்.

"மேஜை மேல இருக்கிற டைம் ஷீட்டை எடு" என்றாள் டைப் அக்கா. "கீழ கையெழுத்து தெளிவா தெரியணும்."

அவர் எட்டி, உள்ளங்கையால் கையெழுத்தை மூடினார்.

"பரவால்ல" என்றாள் அவள். "கையோட சேர்த்தே எடு."