கடைசிப் பந்தி முக்கியம்

அலுவிகாரை இப்திகாருக்கு நாற்பத்தொரு வயது. மாத்தளை டவுனில், ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் இயங்கும் மென்பொருள் கம்பனியில் தலைமைப் புரோகிராமர். மனைவி ஸக்கியா, இரண்டு பிள்ளைகள், ஒரு பழைய ஸ்கூட்டர். ஆனால் டவுனில் அவருக்கு இருந்த பெயர் வேறு: நிறைய வாசிக்கிறவர்.

காரணம் வெள்ளிக்கிழமைப் பட்டியல். ஜும்ஆ முடிந்து, சோறு தின்று வந்து, மென்பொருள் எழுதுகிறவர்கள் அந்த வாரம் வாசிக்கவேண்டிய ஐந்து கட்டுரைகளைக் கம்பனியின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். குரூப்பில் ஒன்பது பேர். எட்டுக் கட்டைவிரல்கள் உடனே உயரும். கட்டுரையை ஒருவரும் திறப்பதில்லை. இப்திகாரும் அதில் அடக்கம். தலைப்பைப் பார்ப்பார், படம் இருந்தால் அதையும் பார்ப்பார். ஆனால் நேர்மையானவர். 'நான் வாசித்தேன்' என்று ஒருநாளும் எழுதியதில்லை. ஒவ்வொரு லிங்க்குக்கும் கீழே 'கடைசிப் பந்தி முக்கியம்' என்று மட்டும் எழுதுவார். ஆறு வருடமாக இதை யாரும் மறுக்கவில்லை.

சென்ற மார்ச்சில் அவர் போட்ட ஒரு கட்டுரையின் தலைப்பு, 'பெரிய புரோகிராமைச் சிறு துண்டுகளாக உடைப்பது எப்படி'. முதலாளி ஜவாஹிர் ஹாஜியார் தலைப்பை முழுவதுமாக வாசித்தார். பிடித்துவிட்டது. யட்டவத்தை வியாபாரிகள் மிளகும் கராம்பும் வாங்கப் பாவிக்கும் புரோகிராம் அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பதினான்காக உடைத்தார்கள்.

ஆறாவது வாரம் யட்டவத்தையிலிருந்து ஒரு வியாபாரி கோல் எடுத்தார். பற்றுச்சீட்டில் விற்றவரின் பெயர் வரவேண்டிய இடத்தில் 'கராம்பு' என்று வருகிறதாம்.

"அந்தாளு வாசல்ல நின்டு சண்ட புடிக்கிறாரு, ஹாஜியார். அவர்ட பேரு வீரசிங்கமாம்."

ஹாஜியார் மூன்று மணிக்குக் கூட்டம் என்று அறிவித்தார். இரண்டு மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த துஷாராவுக்குக் கம்பனியின் வழக்கங்கள் இன்னும் பிடிபடவில்லை. கட்டுரையைத் திறந்து வாசித்துவிட்டாள். நேரே இப்திகாரின் மேசைக்கு வந்தாள்.

"நானா, அந்தக் கடைசிப் பந்தியப் பாத்தேங்க."

"ம்."

"இப்படி ஒடச்சு நாங்க நாசமாப் போனோம், நீங்க செஞ்சிராதீங்கன்னு போட்டிருக்கு."

இப்திகார் மணிக்கூட்டைப் பார்த்தார். ஆறு வருடப் பெயரும் தலைமைப் பதவியும் மூன்று மணிக்குப் போகப்போகின்றன.

"ஹாஜியார்ட்ட செல்லப் போறியா, தங்கச்சி?"

"கேட்டா சொல்லத்தானே வேணும்."

கூட்டத்தில் ஹாஜியார் கேட்டார். "அந்தக் கட்டுரைய முழுசா வாசிச்ச ஆள் யாரு?" துஷாரா கையை உயர்த்தி, கடைசிப் பந்தியைச் சத்தமாக வாசித்தாள். ஹாஜியார் ஃபோனை எடுத்து, குரூப்பில் லிங்க்கைத் தேடி, அதன் கீழிருந்ததை இரண்டு முறை பார்த்தார்.

"பாருங்கடா! கடைசிப் பந்தி முக்கியம்னு மனிசன் அப்பவே போட்டு ஈக்கிறாரு. நீங்க ஒருத்தனும் பாக்கல்ல!" தன்னைச் சேர்க்காமல் சொன்னார். "ஏன் இப்திகார், உடைக்கிற நேரம் வாயத் தொறக்கல்ல?"

இப்திகார் துஷாராவைப் பார்த்தார். துஷாரா மின்விசிறியைப் பார்த்தாள்.

"நீங்க வாசிச்சிருப்பீங்கண்டு நெனச்சேன், ஹாஜியார்."

ஹாஜியார் தலைகுனிந்தார்.

கூட்டம் கலைந்ததும் துஷாரா பதினான்கு துண்டுகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள்.

"இதெல்லாம் திரும்ப ஒட்டணுமாம். யாரு செய்யப் போறாங்க, நானா?"

"நானே செய்றேன்."

அடுத்த ஏழு சனிக்கிழமைகளும் அவர் மேல்மாடியில் தனியே இருந்தார். மற்றவர்கள் விட்ட பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்ட பெருந்தன்மையைப் பற்றி டவுனில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.