இரண்டு தட்டு

கணவரின் லோடு வண்டியில் இன்று பின்பக்கக் கேமரா பொருத்தினார்கள். சுற்றிலும் தகரம் அடைத்த வண்டி. ஓட்டுபவருக்குப் பின்னால் இருப்பது தெரியாது. "இனி நீ வந்து நிக்க வேணாம்" என்றார். ரிவர்ஸ் போட்டதும் வண்டி பீப் பீப் என்று கத்தியது. எனக்கு அப்பாவின் வண்டி ஞாபகம் வந்தது.

அப்பா பரளச்சியிலிருந்து கரிமூட்டை ஏற்றி வருவார். மூட்டைகள் பின்கண்ணாடியை மறைத்துவிடும். திருச்சுழி வீட்டு வாசலில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நான்தான் நிற்பேன்.

"ரெண்டு தட்டுன்னா வருவேன், ஒரு தட்டுன்னா நிப்பேன். செவுத்தையே பாரு தாயி" என்பார்.

எட்டு வயதில் ஒரு மத்தியானம், சுவரையே பார்த்தபடி இரண்டு தட்டு தட்டினேன். எங்கள் கறுப்பு நாய் மணி, வண்டி நிழலில் சக்கரத்தை ஒட்டிப் படுத்திருந்தது. ஒரு தடவைதான் கத்தியது.

"கண்ணு எங்கடி போச்சு?" என்று அம்மா என்னை அடிக்க வந்தாள்.

"பிள்ளைய வையாத. அது சரியாத்தேன் தட்டுச்சு, நாந்தேன் அவசரப்பட்டேன்" என்றார் அப்பா.

அதன் பிறகு அவர் என்னை நிற்கச் சொல்லவே இல்லை. தானே இறங்கி, குனிந்து பார்த்துவிட்டு ஏறுவார். அன்று நான் குனிந்து பார்க்கவில்லை என்பதை அவரிடம் சொல்லவே இல்லை. இப்போது சொல்ல அவர் இல்லை.

திரையில் வாசல் தெளிவாகத் தெரிகிறது என்றார் கணவர். மகள் என் இடுப்பில்தான் இருந்தாள். ஆனாலும் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். வண்டி நின்றது.

"என்னடி, பின்னாடி யாரு?"

சக்கரங்களுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். யாருமில்லை. இரண்டு தட்டு தட்ட மட்டும் கை வரவில்லை.