துணி காயும் நாடு

எந்த நாட்டில் வாழப் பிடிக்கும் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குக் கோபம் வருகிறது. கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்தால் இப்போதெல்லாம் இதே பேச்சுதான். ஒருவர் ஆஸ்திரேலியா என்கிறார், இன்னொருவர் கனடா என்கிறார். என்னவோ கடையில் சட்டைக்கு நிறம் பார்ப்பதுபோல. என்னிடம் அந்தக் கேள்வி ஒரே ஒரு முறைதான் உருப்படியாகக் கேட்கப்பட்டது. அப்போது எனக்குப் பத்து வயது. துள்ளிக்கொண்டு பதில் சொன்னேன்.

எழுபதுகளின் தொடக்கம். மலாய் நாட்டில், கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்தோம். எங்கள் வீட்டில் அடையாள அட்டை இரண்டு நிறத்தில் இருந்தது. அம்மாவுடையது நீலம். அப்பாவுடையதும் சித்தப்பாவுடையதும் சிவப்பு. நீலம் என்றால் இந்த நாட்டுப் பிரஜை. சிவப்பு என்றால் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். பெர்மிட் முடிந்து, புதுப்பிக்கவும் மறுத்துவிட்டால் ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். எந்த ஊர்? இரண்டு பேரும் பிறந்ததே எங்களுக்கு நான்கு லயம் தள்ளி. பிறந்ததைப் பதிய வேண்டும் என்று தாத்தாவுக்குத் தெரியவில்லை. தெரிந்த தோட்டத்துக் கணக்கர் கிராணிக்கு அக்கறையில்லை. ஒரு காகிதம் இல்லாமல் போனதால் பிறந்த மண்ணிலேயே வெளியாள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அன்றைக்கு எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. சிவப்புதான் அழகான நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பாவுக்குப் பெர்மிட் நீட்டித்துத் தரவில்லை. கல்யாணம் ஆகாதவர். ஒண்டி ஆள், எங்கே போனால் என்ன என்று கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். பினாங்கில் ஏறினால் ஒரு வாரத்தில் மெட்ராஸ். அன்றிலிருந்து எங்கள் வீடு திருவிழா வீடு ஆகிவிட்டது. தேயிலை அடைக்கிற பலகைப் பெட்டிகள் இரண்டைத் தொழிற்சாலையில் கேட்டு வாங்கி வந்து, மூலைக்கு மூலை தகரம் அடித்து, சித்தப்பாவே சாமான் பெட்டிகளாக மாற்றினார். கப்பலேறுகிற ஆளுக்கு லயத்தில் ஆளாளுக்கு விருந்து வைப்பார்கள். சித்தப்பாவோடு ஒட்டிக்கொண்டு நானும் போய்த் தினமும் கோழிக்கறி தின்றேன்.

எனக்குக் குதிக்க வேறொரு காரணமும் இருந்தது. எங்கள் மலையில் துணி காயாது. மழை இல்லாவிட்டால் பனி, பனி இல்லாவிட்டால் மூட்டம். பள்ளிக்கூட உடுப்பை அடுப்புக்கு மேலே கட்டின கம்பியில்தான் காயப்போடுவோம். காலையில் எடுத்தால் ஈரமும் போயிருக்காது, புகைநாற்றமும் ஏறியிருக்கும். அதைத்தான் நடுங்கிக்கொண்டே மாட்டிக்கொண்டு போவேன்.

"அங்க குளிருன்னா என்னன்னே ஆளுங்களுக்குத் தெரியாது பாப்பா," என்பார் சித்தப்பா. "தொவச்சுப் போட்டுட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தா துணி அப்பளமா கெடக்கும்."

"நெசமாவா?"

"பொய்யா சொல்லுறேன் லா? வெயிலு அங்க கொட்டிக் கெடக்கு."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும். "ஏன் தம்பி, நீங்க என்னமோ போய்ப் பாத்துட்டு வந்த மாதிரியில்ல பேசுறீங்க. மலையடியில இருக்கிற தாப்பாவத் தாண்டிப் போனதுண்டா?"

"படத்துல பாக்கலையா அண்ணி?"

உண்மைதான். சித்தப்பா கண்ட இந்தியா முழுக்க, பக்கத்து ரிங்லெட் டவுனில் திரைகட்டிக் காட்டிய படங்களில் வந்ததுதான். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. உலகத்தில் துணி காய்கிற நாடு ஒன்று இருக்கிறது, அதற்குக் கப்பல் விடுகிறார்கள், பெட்டி எங்கள் வீட்டிலேயே நிற்கிறது. எல்லாரும்தான் போகிறோம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். இல்லை என்று யாரும் சொல்லவில்லை. யாரிடமும் நான் கேட்கவும் இல்லை.

அதே சமயத்தில் அப்பா பிரஜா உரிமைக்கு மனுப் போட்டிருந்தார். டவுனில் அதிகாரி முன்னால் மலாய் பேசிக் காட்ட வேண்டும், நாட்டுக் கோட்பாட்டின் ஐந்து வரிகளையும் ஒப்பிக்க வேண்டும். அப்பா தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர். கோலா தெர்லா சந்தையில் முட்டைக்கோஸ் விலை பேசுகிற அளவுக்கு மலாய் வரும். ஐந்து வரியை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மூன்று மாதம். வேலை முடிந்து வந்து முகம் கழுவினதும் பலகையில் உட்காருவார். நான் அகப்பையோடு எதிரில் நிற்பேன். தப்பு விட்டால் முட்டியில் ஒன்று.

"போதும் டீச்சர், கை வீங்கிப்போச்சு."

"மொதல்லருந்து சொல்லுங்க!"

இந்தப் பரீட்சைக்கும் அந்தக் கப்பலுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. பரீட்சை என்றால் பாஸ் பண்ண வேண்டும். கப்பல் என்றால் ஏற வேண்டும். அவ்வளவுதான்.

கூப்பிட்ட நாளில் அப்பா கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டார். கேள்வி புரியாவிட்டால் காதில் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார். பஸ்ஸில் வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நான் தொடையில் விரலால் தாளம் போட்டுச் சரிபார்த்தேன்.

அதிகாரி வயசான மலாய்க்காரர், மூக்குக்கண்ணாடி போட்டவர். பெயர் கேட்டார், வேலை கேட்டார், எங்கே பிறந்தாய் என்று கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு எழுந்து நின்று ஐந்து வரியையும் ஒப்பித்தார். ஓர் எழுத்து பிசகவில்லை. கூடவே என் உதடும் அசைந்தது. முடித்ததும் எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அதிகாரி சிரித்தார். ரப்பர் முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் அழுத்திக்கொண்டே, யார் சொல்லிக்கொடுத்தது என்று மலாயில் கேட்டார். நான்தான் என்றேன். கெட்டிக்காரி என்றார். பிறகு, பிள்ளையிடம் ஏதாவது பேச வேண்டுமே என்பதுபோல, "சரி, உனக்கு எந்த நாட்டில் இருக்கப் பிடிக்கும்?" என்றார்.

வகுப்பில் நிற்பதுபோல் விறைப்பாக நின்றேன். சுத்தமான மலாயில், முழு வாக்கியத்தில் சொன்னேன். "இந்தியா, துவான். அங்கே துணி சீக்கிரம் காயும். நாங்கள் எல்லாரும் கப்பலில் போகப் போகிறோம். வீட்டில் பெட்டிகள் தயாராக இருக்கின்றன."

முத்திரை அவர் கையிலேயே நின்றது. பெட்டி இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டார். தம்பியுடையது என்றார் அப்பா. அதுவரை ஒழுங்காக வந்த மலாய் அப்போதுதான் திக்கியது. அதிகாரி கோப்பைப் புரட்டினார். அதே விலாசத்தில் ஒருவர் கப்பலுக்குப் பெயர் கொடுத்திருப்பது அதில் இருந்தது. அதிகாரி கெட்ட மனிதர் இல்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. போகிறவருக்கு இது தேவைப்படாது, இருக்கப் போகிறவர் காத்திருக்கலாம், மறுபடி கூப்பிடுகிறோம் என்றார். கோப்பை இன்னொரு அடுக்கின் அடியில் செருகினார்.

வெளியே வந்ததும் அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "பாஸாப்பா?"

அப்பா காய்கறி லோரிகளுக்கு வழிவிட்டு, என் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்தார். பிறகு, "நீ நல்லாப் பேசுன," என்றார். சீனன் கடையில் எனக்கு ஒரு தட்டு மீ நூடுல்ஸ் வாங்கிக்கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை. நான் தின்றுகொண்டே கப்பலில் மீ கிடைக்குமா, தலை சுற்றுமா, மெட்ராஸில் இறங்கினால் செருப்பு வேண்டுமா என்று கேட்டுத் தள்ளினேன். எல்லாவற்றுக்கும் "ம்" போட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார். "நீ சொன்னத அம்மாகிட்டச் சொல்ல வேணாம். நான் பேசிக்கிறேன்."

ஐந்து மணிக்கு லயத்துக்கு வந்தோம். பைப்படியில் தண்ணீருக்கு நின்ற கூட்டம் எங்களைச் சூழ்ந்துகொண்டது. அம்மா குடத்தோடு ஓடிவந்தாள்.

"அஞ்சாவது வரில தடுக்கிருச்சு," என்றார் அப்பா. "வாய் வரல."

அம்மா குடத்தைக் கீழே வைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அஞ்சு வரிங்க! மூணு மாசமா இத ஒண்ணத்தானே ஓதுனீங்க! இந்தச் சிறுக்கி தூக்கத்துல கூடச் சொல்லுதே!"

"டீச்சர்கிட்ட இன்னும் ரெண்டு போடு வாங்கியிருக்கணும்ணே!" என்று யாரோ கத்த, பைப்படி முழுக்கச் சிரிப்பு.

"அப்ப அண்ணனும் நம்ம கப்பல் லா!" என்றார் சித்தப்பா.

அப்பாவுக்கு அன்றிலிருந்து 'அஞ்சாவது வரி' என்றே பட்டப்பெயர். அவருடைய பெர்மிட் தீர்ந்தது, தோட்டத்தில் பெயரை எடுத்தார்கள். அம்மா அங்கே கொழுந்து பறித்ததால் அவள் பேரில் லயத்து வீடு தப்பியது. கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் பேரேட்டில் இல்லாத ஆளாக மண் வெட்டினார். அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் தக்காளிப் பந்தலுக்குள் போய்க் குந்திக்கொள்வார். இரண்டு வருடம் அப்படி. மறுபடி கூப்பிட்டார்கள், நீல அட்டை கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் சித்தப்பாவைப்போல அவரும் ஒண்டியாகத்தான் கப்பலேறியிருக்க வேண்டும். அம்மாவும் நானும் இந்த நாட்டுப் பிரஜைகள். அந்தக் கப்பலில் எனக்கு இடமே கிடையாது. இதெல்லாம் எனக்குப் புரியும்போது எனக்கே ஒரு பிள்ளை இருந்தது. அம்மா சாகிற வரைக்கும் ஐந்தாவது வரியைச் சொல்லி அவரைத் திட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் அன்றைக்குப் பைப்படியில் நின்ற எனக்கு இதெல்லாம் தெரியாது. அப்பாவுக்கு ஐந்தாவது வரியில் வாய் தடுக்கவில்லை என்று மட்டும் தெரியும். நான்தானே வாத்தியார். பிறகு எதற்குப் பொய் சொல்கிறார்? யோசித்தேன். சட்டென்று பிடிபட்டது. அப்பாவுக்கும் இந்தியாவுக்குப் போக ஆசை. அம்மாவுக்குப் பயந்து வெளியே சொல்லாமல் இருக்கிறார்.

அத்தனை சிரிப்புக்கு நடுவில் நானும் சத்தமாகச் சிரித்தேன். அப்பா என் பக்கம் திரும்பி, லேசாகத் தலையை ஆட்டிப் புன்னகை செய்தார். கப்பலில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துத் தருகிறேன் என்று சைகை காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.