மாமாவின் பாட்டுக்குத் தனி லைன்

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் கரண்டக்காதான். கல்யாணத்துக்கு முன் மோட்டார் காயில் சுற்றும் பட்டறையில் வேலை பார்த்தாள். மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பரீட்சை எழுதி வயரிங் லைசென்ஸ் வாங்கினாள். துணி ஆலை, பல் ஆஸ்பத்திரி, மாடி வீடுகள் என்று எங்கெங்கோ லைன் இழுத்தவள், சொந்த வீட்டில் ஒரு சுவிட்சைக்கூடக் கழற்றியதில்லை. காரணம், மாமனார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீடு கட்டியபோது வயரிங் முழுக்கத் தன் கையால் செய்தவர். "இன்னைக்கு வரைக்கும் ஒரு பியூஸ் போனதில்ல!" என்று வருகிறவர்களிடமெல்லாம் மீசையைத் தடவுவார். அதில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

ஓய்வுக்குப் பிறகு அவருக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. ஆம்ப்ளிஃபையர், ரெக்கார்டு பிளேயர், இடுப்புயர ஸ்பீக்கர்கள் என்று வீட்டு ஹாலே நிறைந்துவிட்டது. ஆனால் ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கினால் ஸ்பீக்கரில் 'டப்'. தண்ணீர் மோட்டார் போட்டால் 'கொர்ர்'. புல்லாங்குழல் உருகுகிற இடம் பார்த்து மாமியார் மிக்ஸியைப் போட, வீட்டில் போர் மூளும்.

"வேணும்னே பண்றா!"

"அப்ப மத்தியானம் பாட்டையே தின்னுங்க!"

கடைசியில் அவரே இறங்கி வந்தார். "ஏம்மா, இதுக்கு ஏதாவது வழி இருக்கா?"

"இருக்கு மாமா. எல்லாம் ஒரே லைன்ல தொங்குது. மெயின் போர்டுல இருந்து உங்க செட்டுக்கு மட்டும் தனியா இழுக்கணும். தடிச்ச வயர், தனி பிரேக்கர். வழியில வேற எதுவும் ஒட்டிக்கக் கூடாது."

"என் வயரிங்கைத் தொடாம?"

"தொடாம."

ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்து வேலையை ஆரம்பித்தாள். புது லைனுக்கு வழி பார்க்க, சுவரில் வயர்கள் ஒன்றுசேரும் பழைய பெட்டி ஒன்றின் மூடியைக் கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு கரிக்கட்டையாகியிருந்தது. சத்தமில்லாமல் சரிசெய்து மூடிவிட்டால் மாமனாரின் மனசு நோகாது. ஆனால் பார்த்ததை வீட்டின் சொந்தக்காரரிடம் காட்டாமல் அவள் எந்த வீட்டிலும் பெட்டியை மூடியதில்லை.

"மாமா, கொஞ்சம் வாங்க."

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். விரல் பட்டதும் டேப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பேரனின் கட்டில். அவர் டார்ச்சை அணைத்தார்.

"பிரேக் பிடிக்கலைன்னு தெரிஞ்சும் வண்டி எடுத்தவன் இல்லம்மா நான்," என்றார் மெதுவாக. "மொத்தத்தையும் பிடுங்கிப் போடு."

ஒரு நாள் வேலை ஒரு வாரம் இழுத்தது. வீடு முழுக்கப் புது வயர். இடிந்த பூச்சை மாமனாரே கூடையில் அள்ளிக் கொட்டினார், ஏணியையும் பிடித்துக்கொண்டார். ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு லைன், பிளேயருக்கு ஒரு லைன் என்று இழுத்து, இரண்டின் எர்த்தையும் ஒரே இடத்தில் சேர்த்தாள். இல்லாவிட்டால் வண்டு மாதிரி ரீங்காரம் நிற்காது என்று அவருக்கு விளக்கவும் செய்தாள்.

வேலை முடிந்ததும் அவர் பழைய டிப்போ நண்பர்களைக் கூப்பிட்டார். எல்லாரும் உட்கார்ந்ததும் ரெக்கார்டு எதுவும் போடாமல் சத்தத்தை மட்டும் கூட்டி வைத்தார்.

"என்னய்யா, பாட்டே வரல? ரிப்பேரா?"

"இரு. ஃபிரிட்ஜ் ஓடுது, மோட்டார் ஓடுது. ஏய், மிக்ஸியைப் போடு!" என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார். மாமியார் இதற்காகவே காத்திருந்த மாதிரி போட்டாள். "ஸ்பீக்கர்ல காதை வச்சுச் சொல்லு, இதுல ஏதாவது கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலையே."

"அதான்யா! எங்க மருமக போட்ட லைன்!" என்றார். அதோடு விடவில்லை. "நான் போட்ட வயரிங் என்னைக்காவது வீட்டையே கொளுத்தியிருக்கும். இவதான் கண்டுபிடிச்சா."

அந்த விஷயத்தைப் பற்றி அவள் புருஷனிடம் தவிர வேறு யாரிடமும் மூச்சுவிடவில்லை. வாசல்பக்கம் போர்டுக்கு மூடி மாட்டிக்கொண்டிருந்தவளுக்குக் கண் கரித்தது. ஏற்கெனவே இறுகிவிட்ட திருகையே இன்னும் திருகிக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் பாட்டு ஒலித்தது. அது முடிந்ததும் நண்பர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டையும் ஒருதடவை பார்க்கச் சொல்லேன்ப்பா."

"என்னை ஏன்யா கேக்குற? அவகிட்ட கேளு. இந்த மாசம் கிடைக்கிறது கஷ்டம்," என்றார் மாமனார், முதுகை நிமிர்த்திக்கொண்டு.