சிக்கும் சீக்கும்

இந்த நாட்டில் வேலைக்கு வராதவர் காலையில் போன் செய்து ‘சிக்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். என்ன ஏது என்று முதலாளி துருவிக் கேட்கக் கூடாதாம். இங்கிலாந்தில் என் கடைக் கல்லாவில் நிற்கும் டெப்ரா இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். குறிஞ்சிப்பாடியில் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பரோட்டா தட்டித் தட்டியே இங்கே இரண்டு கடைக்கு முதலாளி ஆனேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள் படுத்ததில்லை.

போன மாதம் மீந்துபோன இறாலை வீணாக்க மனமில்லாமல் நானே தின்றேன். மறுநாள் கடையின் பின்பக்கம் வாந்தி எடுத்துவிட்டு முகத்தைத் துடைத்தபடி வந்தேன். டெப்ரா, “ஹேவ் யூ பீன் சிக்?” என்றாள்.

வாந்தி எடுத்தாயா என்று அர்த்தமாம். எனக்கோ ‘உனக்கு சீக்கு இருந்ததா’ என்று காதில் விழுந்தது. நம் பக்கம் ஒருவரைப் பார்த்து அப்படிக் கேட்டுவிட முடியுமா? அந்த வீட்டுக்கு யாரும் சம்பந்தம் பேச வரமாட்டார்கள். “நோ சீக்கு. மை ஃபேமிலி குட் ஃபேமிலி” என்று கத்தினேன். அவள் ஒரு வாளியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். முதுகைத் தடவி, தான் குடிக்கும் கோப்பையிலேயே தண்ணீர் கொடுத்தாள்.

அதைக் கையில் வாங்கியதும் தம்பி செல்வத்தின் முகம் வந்து நின்றது.

நான் சிதம்பரத்தில் மூன்று மாடி வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று நடந்தது. டிபிக்கு ஆறு மாதம் மாத்திரை முடித்துவிட்டு வந்திருந்தான். பந்தியில் உட்காரப் போனவனைத் தடுத்தேன்.

“சீக்காளி ஊரோட ஒக்காரக் கூடாதுடா. பார்சல் கட்டச் சொல்றேன்.”

“மாத்திர முடிஞ்சிடுச்சிண்ணா. ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

“டாக்டரு வந்து ஒம் பக்கத்துல ஒக்காந்து சாப்புடுவாரா?”

பந்தியே சிரித்தது. “மாமா லண்டன் சட்டம் பேசறாரு” என்று மச்சான் எடுத்துக் கொடுத்தான். செல்வம் பார்சலை வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலம் என் புது மதில்மேல் காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தபோதுதான், அதை அங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று தெரிந்தது.

நம் சீக்கு இவர்களுடைய சிக்கிலிருந்து வந்ததுதான் என்கிறாள் படித்த என் மகள். அப்படியானால் அவர்கள் குறிலாகச் சொன்னதை நாம் நெடிலாக்கிக்கொண்டோம். முதலாளி சிக், கடை மூடல் என்று டெப்ரா அன்று கடைக் கதவில் எழுதி ஒட்டிய காகிதத்தில் எனக்குப் படிக்க வந்தது அந்த ஒரு சொல்தான். இரண்டு நாளில் அவளே அதைக் கிழித்துப் போட்டாள். நான் தம்பிக்கு அதைப் பேராகவே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வாந்தி எடுத்த அன்று சாயங்காலமே அவனுக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதுமே “ஒடம்பு முடியலியாண்ணா? கஞ்சி வெச்சிக் குடி” என்றான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

“பொங்கலுக்கு வரேன்டா. நம்ம ஊட்ல ஒண்ணா ஒக்காந்து சாப்புடலாம்.”



“அந்த ஊட்டுக்கு நான் வரமாட்டேண்ணா. நீ இங்க வா.”

மூன்று மாடியின் சாவி இங்கே என் சட்டைப்பையில் கிடக்கிறது. ஊருக்குப் போனால் நான் இறங்க வேண்டியது குறிஞ்சிப்பாடியில், அவனுடைய ஓட்டு வீட்டில். எனக்கு இலை போட்டுப் பக்கத்தில் உட்காருவான், தெரியும். என்னைப் போல அவனும் பார்சல் கட்டிக் கொடுத்தாலாவது மதில்மேல் வைத்துவிட்டு வந்துவிடலாம்.